ஓவர்ஹால் முடிந்தது... பராமரிப்பு யார் செய்வது?



ஒவ்வொரு வருடமும் ஜூன் 26-ஆம் தேதி வந்தால் கல்லூரிகளில் நாம் வரிசையாக நின்று, கையை நீட்டி, போதைப் பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுத்துக் கொள்கிறோம். ஐக்கிய நாடுகள் சபை 1987-இல் குறித்துக் கொடுத்த நாள் அது. ஓவியப் போட்டி நடக்கும். பேச்சுப் போட்டி நடக்கும். மண்டை ஓடு வரையாத போஸ்டர் ஒன்றுகூட இருக்காது. நல்லதுதான். வள்ளுவரே 'கள்ளுண்ணாமை' என்று தனி அதிகாரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் இவையெல்லாம் இன்னும் ஆரம்பிக்காதவனுக்குச் சொல்வது. ஆரம்பித்து, மாட்டிக்கொண்டு, பாடுபட்டு நிறுத்திவிட்டு வந்து நிற்கிறானே ஒருவன், அவனுக்கு நாம் என்ன சொல்கிறோம்? அவனுக்கென்று ஒரு போஸ்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குடியையோ, கஞ்சாவையோ, ஊசியையோ நிறுத்திவிட்டு மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த பிறகு, அடுத்த மாதமும் அடுத்த வருடமும் அவனுக்கு வேண்டியிருக்கும் துணையைப் பற்றி.

நமக்குத் தெரிந்த பாடம்தான்!

மெயின்டனன்ஸ் பாடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மெஷின் நின்ற பிறகு பிரித்துப் போட்டுச் சரி செய்வது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ். நிற்காமல் இருப்பதற்காகத் தேதி போட்டு ஆயில் மாற்றி, பேரிங்கைத் தொட்டுப் பார்த்து, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ். ஓவர்ஹால் முடித்த லேத்தை அப்படியே விட்டுவிட்டு ஒரு வருடம் கழித்து வந்து, "என்னப்பா, மறுபடி ஆடுது?" என்று கேட்டால் ஃபோர்மேன் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

மனிதன் விஷயத்தில் மட்டும் நாம் அதைத்தான் செய்கிறோம். 'இருபது முப்பது நாள் உள்ளே வைத்து வைத்தியம் பார்த்தாச்சு, செலவும் பண்ணியாச்சு, இனிமே அவன் பாடு' என்று விட்டுவிடுகிறோம். மறுபடி அவன் குடித்துவிட்டால் 'காசு வேஸ்ட்' என்கிறோம், 'இவனெல்லாம் திருந்த மாட்டான்' என்கிறோம்.

டாக்டர்கள் இதை வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் தாமஸ் மெக்லெலன் என்பவரும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரை ஒன்று புகழ் பெற்றது. போதை அடிமைத்தனத்தைச் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றோடு பக்கத்தில் வைத்து அவர்கள் பார்த்தார்கள். சிகிச்சைக்குப் பின் ஒரு வருடத்துக்குள் மறுபடி போதைக்குத் திரும்புகிறவர்கள் 100-க்கு 40 முதல் 60 பேர். ரத்தக் கொதிப்பிலும் ஆஸ்துமாவிலும் நோய் மறுபடி முற்றி வருகிறவர்கள் 50 முதல் 70 பேர்! ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தியதும் பி.பி. ஏறினால் மாத்திரையை யாரும் திட்டுவதில்லை. மறுபடி மாத்திரை எழுதுகிறோம். குடி நோயாளிக்கு மட்டும் 28 நாளில் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நியாயமா?

நிறுத்திய பிறகு உடம்பில் என்ன நடக்கிறது?

மூளையில் பிரேக்கும் உண்டு, ஆக்ஸிலேட்டரும் உண்டு. காபா என்ற ரசாயனம் பிரேக். குளுட்டமேட் ஆக்ஸிலேட்டர். சாராயம் போய் பிரேக்கை அழுத்துகிறது. அதனால்தான் குடித்தவனுக்கு நாக்கு குழறுகிறது, கால் தள்ளாடுகிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்குமா? சமன் செய்வதற்காகப் பிரேக்கைத் தளர்த்தி, ஆக்ஸிலேட்டரைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. இந்த நிலையில் ஒருநாள் திடீரென்று குடியை நிறுத்தினால் பிரேக் இல்லாத லாரி மாதிரி ஓடும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு. இரண்டு மூன்று நாள் கழித்து இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சன்னியும் சிலருக்கு வரும். அதில் உயிரும் போகலாம். ஆகவே பல வருடம் தினமும் குடித்தவரை வீட்டு அறையில் பூட்டி வைத்து நிறுத்தச் சொல்வது பேராபத்து. டாக்டர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

இந்தக் கட்டம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மக்கள் 'சரியாயிடுச்சு' என்று சொல்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் கஷ்டமான பகுதி இனிமேல்தான் வருகிறது. பல மாதங்களுக்குத் தூக்கம் சரியாக வராது. சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். பிடித்த சினிமா, கிரிக்கெட், சாப்பாடு எதிலும் ருசி இருக்காது. போதை கொடுத்த பெரிய இன்பத்துக்குப் பழகிப்போன மூளைக்கு, சாதாரண இன்பங்கள் பழையபடி இனிக்க நாள் பிடிக்கும்.

அதோடு ஞாபகம் வேறு. குடித்த இடம், குடித்த நேரம், கூடக் குடித்த ஆள், கையில் சம்பளப் பணம் என்று ஒவ்வொன்றும் மூளையில் ஒரு சுவிட்ச். பஸ் அந்தக் கடையைத் தாண்டும்போதே வாய் ஊறும். இது மனத்திடம் இல்லாததால் வருவதில்லை. புளியங்காயைப் பார்த்தால் நமக்கு எச்சில் ஊறுவது போலத்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

டிப்ளமோ மாணவர்களுக்குக் கணக்குக் காட்டினால்தான் நம்பிக்கை வரும். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் சிகிச்சைக்கு வந்த 1,162 பேரை எட்டு வருடம் விடாமல் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு செய்தார்கள். அது 2007-இல் வெளிவந்தது. போதையை விட்டு ஒரு வருடம்கூட ஆகாதவர்களில், அடுத்த வருடமும் தாக்குப் பிடித்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். ஒன்று முதல் மூன்று வருடம் விட்டிருந்தவர்களில் 100-க்கு 66 பேர். மூன்று வருடத்தைத் தாண்டியவர்களில் 100-க்கு 86 பேர்!

இந்த மூன்று எண்களையும் ஒரு கிராஃபாகப் போட்டுப் பாருங்கள். கோடு ஏறிக்கொண்டே போகிறது. முதல் வருடத்தில் அவனைத் தாங்கிப் பிடித்தால், இரண்டாம் வருடம் அவனே பாதி நிற்கிறான். மூன்றைத் தாண்டினால் பெரும்பாலும் நின்றுவிடுகிறான். துணை அதிகம் தேவைப்படுவது ஆரம்பத்தில். நாம் கைவிடுவதும் அதே ஆரம்பத்தில்தான்!

நம் நாட்டு நிலைமையும் பார்ப்போம். எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வெளியானது. குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது என்றும், 180 பேரில் ஒருவர்தான் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருக்கிறார் என்றும் அது சொல்கிறது. அப்படி அபூர்வமாகச் சிகிச்சை கிடைத்து வெளியே வருகிறவனையும் தவறவிட்டால் எப்படி?

ரப்பர் நகரத்தில் ஒரு டெலிபோன்

தொடர்ந்த துணை என்பதற்கு உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. சுருக்கமாக ஏ.ஏ. அது பிறந்த கதை நம்மைப் போன்ற தொழில் படிப்புக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

1935 மே மாதம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஏக்ரான் நகரம். டயர் கம்பெனிகள் நிறைந்த ஊர். ரப்பர் மெஷின் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைப் பிடிக்க வந்த நியூயார்க் பங்குச் சந்தைக்காரர் பில் வில்சன், அந்த முயற்சியில் தோற்றுவிட்டு ஹோட்டல் வரவேற்பறையில் தனியாக நிற்கிறார். கையில் காசு இல்லை. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். மறு பக்கம் டெலிபோன். அவர் போனை எடுத்தார். உள்ளூர்ப் பாதிரியார்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, 'என்னை மாதிரி குடியோடு போராடுகிற ஆள் யாராவது இந்த ஊரில் இருக்கிறாரா?' என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். பதினைந்து நிமிடம் மட்டும் பேசுவதாகச் சொல்லி வந்த டாக்டர், மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பில் அந்த டாக்டரைத் தேடியது டாக்டரைத் திருத்துவதற்காக மட்டும் அல்ல. இன்னொரு குடி நோயாளியோடு பேசினால்தான் தான் அன்றைக்குக் குடிக்காமல் இருக்க முடியும் என்று அவருக்குப் பட்டது. உதவி செய்கிறவனுக்கும் உதவி கிடைக்கிறது. ஏ.ஏ.யின் அஸ்திவாரமே இதுதான்.

டாக்டர் பாப் உடனே திருந்திவிட்டாரா? இல்லை! சில வாரம் கழித்து மருத்துவ மாநாட்டுக்குப் போனவர் வழியிலேயே குடித்துவிட்டு, நினைவு தப்பித் திரும்பி வந்தார். 'சரி, போ' என்று பில் மூட்டை கட்டவில்லை. பக்கத்தில் இருந்து தேற்றினார். ஜூன் 10-ஆம் தேதி டாக்டர் குடித்ததுதான் கடைசிக் குடி. 1950-இல் இறக்கும் வரை அவர் மறுபடி தொடவில்லை. அந்த ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. ஓர் இயக்கத்தின் ஸ்தாபகரே முதலில் சறுக்கியவர் என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஏ.ஏ. கூட்டத்தில் சந்தா கிடையாது, கட்டணம் கிடையாது. முழுப் பெயர் சொல்ல வேண்டாம். ஆயுள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்வதும் இல்லை. 'இன்று ஒரு நாள் மட்டும்' என்பார்கள். புதிதாக வந்தவருக்குப் பழைய உறுப்பினர் ஒருவர் 'ஸ்பான்ஸர்' ஆக இருப்பார். ராத்திரி 11 மணிக்கு ஆசை வந்தால் அவருக்குப் போன் போடலாம். இதேபோல் போதைப் பொருளுக்கு 'நார்காட்டிக்ஸ் அனானிமஸ்' 1953-இல் கலிபோர்னியாவில் ஆரம்பித்தது. குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' 1951-இல் தொடங்கியது. பில்லின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். தமிழ்நாட்டிலும் இந்தக் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன.

'கூடிப் பேசினால் குடி நிற்குமா? வெறும் பேச்சுதானே!' என்பவர்களுக்கு: 2020-இல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரின் விவரங்களை, ஒன்றாக வைத்து அலசியது. ஏ.ஏ.யில் சேர்ந்து தொடரும்படி முறையாக வழிகாட்டிய சிகிச்சையில், ஒரு வருடம் கழித்தும் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் 100-க்கு 42 பேர். மற்ற சிகிச்சைகளில் 35 பேர்.

சென்னையில்...

நம் மாநிலத்தில் இந்தத் துறைக்கு வழி காட்டியவர் திருமதி சாந்தி ரங்கநாதன். குடியால் கணவரை இளம் வயதிலேயே இழந்தவர். 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் கிளினிகல் ரிசர்ச் ஃபவுண்டேஷனை ஆரம்பித்தார். டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் அறிவது அதைத்தான். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது, வீட்டுக்கு அனுப்பிய பிறகும் தொடர்ந்து வரவழைத்துப் பார்ப்பது என்பவை அங்கே முக்கியமான பகுதிகள். மருத்துவமனைக்கு வர முடியாத ஏழைகளுக்காகத் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலேயே முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்தார்கள். ஊரார் கண்முன்னே ஒருவன் தெளிந்தால், ஊரே அவனுக்குக் காவலாக நிற்கும் அல்லவா?

கண்ணால் பார்த்தது

எங்கள் சித்தப்பா மோட்டார் வைண்டிங் தெரிந்தவர். கையில் நல்ல தொழில். குடியால் கடையை இழந்து, ஒரு மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற்று வந்தார். ஏழு மாதம் ஒன்றும் இல்லை. குலதெய்வம் கோயிலில் கெடா வெட்டு. சொந்தக்காரர் ஒருவர், "ஒரு நாளைக்குத்தானேப்பா, சாமி காரியம்" என்று கிளாஸை நீட்டினார். அவ்வளவுதான், மூன்று வாரம் வீடே நரகம். மறுபடி கூட்டிக்கொண்டு போனபோது அங்கிருந்த கவுன்சிலர் திட்டவில்லை. "எங்கே, யாரோட, என்ன மனநிலையில குடிச்சீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். நாம் மெஷின் ஃபெயிலியருக்குக் காரணம் தேடுவது மாதிரியே இருந்தது. விசேஷங்களுக்கு எப்படிப் போவது, யார் கூடப் போவது, எப்போது கிளம்பி வந்துவிடுவது என்று திட்டம் போட்டுக் கொடுத்தார். சித்தியை அல்-அனான் கூட்டத்துக்கு அனுப்பினார். சித்தப்பாவுக்கு இது நான்காவது வருடம். ஞாயிறு தோறும் கூட்டத்துக்குப் போகிறார். "இன்னும் எதுக்கு?" என்று கேட்பவர்களிடம், "சர்க்கரைக்காரன் மாத்திரை சாப்பிடறதில்லையா, அது மாதிரி" என்பார்.

மருந்து உண்டா?

உண்டு. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அக்காம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. ஹெராயின் போன்றவற்றுக்குப் பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் கொடுத்து வருடக்கணக்கில் நிலையாக வைக்கிறார்கள். 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்று இதைக் கேலி செய்வது தவறு. டாக்டர் கொடுக்கும் அளவில் எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள் ஏராளம்.

டைசல்ஃபிராம் என்ற மாத்திரையின் கதை ருசியானது. அது ரப்பர் வல்கனைசேஷனை வேகப்படுத்தப் பயன்பட்ட ரசாயனம். அந்த வகை ரசாயனத்தோடு வேலை செய்த தொழிலாளர்கள் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பதை ஓர் அமெரிக்கத் தொழிற்சாலை டாக்டர் 1937-இல் கவனித்து எழுதினார். 1948-இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் அதைக் குடிக்கு மருந்தாக அறிவித்தார்கள். சாராயம் உடம்பில் உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை மேற்கொண்டு உடைய விடாமல் இது தடுக்கிறது. மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகையால், நண்பர்களே, 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம்' என்று சுவரில் விளம்பரம் பார்த்தால் ஏமாந்து விடாதீர்கள். சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து இது.

சறுக்கினால்?

சறுக்கல் திடீரென்று வருவதில்லை. கிளாஸைத் தொடுவதற்குப் பல நாள் முன்பே அறிகுறி தெரியும். கூட்டத்துக்குப் போவதை நிறுத்துவான், பழைய கூட்டாளியைத் தேடுவான், 'எனக்கு இனிமே ஒண்ணும் ஆகாது' என்பான். பசி, கோபம், தனிமை, அசதி ஆகிய நான்கும்தான் அவனுடைய நான்கு எதிரிகள் என்று ஏ.ஏ.க்காரர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். பேரிங் உடைவதற்கு முன் சத்தம் கொடுக்கிறது. காது கொடுக்க ஒருவன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஹெராயின் போன்ற போதையைச் சில வாரம் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். அதற்குப் பிறகு பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிகிச்சை முடிந்தோ, சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில் சாவு அதிகம் நடப்பது இதனால்தான். 'வெளியே வந்துட்டான், இனி கவலையில்லை' என்று நாம் நினைக்கிற அதே நாட்கள்!

நாம் என்ன செய்யலாம்?

நம்மில் ஒருவன் செமஸ்டர் லீவில் சிகிச்சை முடித்து, மறுபடி நம் பெஞ்சுக்கே வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு டாக்டர் பக்கத்தில் இல்லை; நாம்தான் இருக்கிறோம்.

1. அரியர் கிளியர் ஆனாலும், கேம்பஸில் செலக்ட் ஆனாலும் 'ட்ரீட்' கேட்கிறோமே, அதை பிரியாணிக் கடையில் வையுங்கள். பாட்டில் வைக்கிற ட்ரீட்டுக்கு அவனைக் கூப்பிட்டு, 'நீ ஜூஸ் குடிடா மச்சான்' என்பது உதவி ஆகாது.

2. வாயை முகர்ந்து பார்ப்பது, பையைச் சோதிப்பது, 'சரக்கு' என்று பட்டப்பெயர் வைப்பது எல்லாம் வேண்டாம்.

3. சாயங்காலம் 6 மணி முதல் 9 மணி வரைதான் பலருக்குக் கண்டம். அந்த நேரத்தில் வாலிபால், டிராயிங் ஷீட், ரெக்கார்ட் நோட்டு என்று ஏதாவது ஒன்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. கூட்டத்துக்கோ, செக்கப்புக்கோ போகிற நாளில் அவனுடைய லேப் பேட்ச்சை மாற்றிக் கொடுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் வாசல் வரை கூடப் போங்கள்.

5. காசு கடன் கேட்டால் பணமாகத் தராதீர்கள். மெஸ் பில்லோ பரீட்சைக் கட்டணமோ என்றால் நேராகக் கட்டிவிடலாம்.

6. சறுக்கிவிட்டான் என்று தெரிந்தால் மூடி மறைக்கவும் வேண்டாம், தண்டோரா போடவும் வேண்டாம். அன்றைக்கே அவனுடைய கவுன்சிலருக்கோ, வீட்டில் நம்பகமானவருக்கோ தகவல் சொல்ல அவனையே போன் செய்ய வையுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் 14446 என்ற மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

7. ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் முடிந்தால் வாழ்த்துச் சொல்லுங்கள். பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிறோம். இந்த நாள் அதைவிடக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தது.

இதில் எதற்கும் பட்டப்படிப்பு வேண்டாம், பெரிய செலவும் இல்லை. வேண்டியதெல்லாம் விடாமல் செய்வதுதான். ஒரு நாள் உருகி உருகி அறிவுரை சொல்லிவிட்டுக் காணாமல் போகிற பத்து நண்பர்களைவிட, வாரம் ஒரு முறை 'சாப்டியாடா?' என்று கேட்கிற ஒரு நண்பன் அவனுக்குப் போதும்.

நாளை நாம் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர்களாக, ஜூனியர் என்ஜினியர்களாகப் போவோம். நமக்குக் கீழே வேலை செய்யும் தொழிலாளி ஒருவர் குடியை விட்டுவிட்டுத் திரும்பி வருவார். மெஷினுக்கு மெயின்டனன்ஸ் சார்ட் போட்டு ஒட்டுகிற நாம், அந்த மனிதருக்குக் கூட்டத்துக்குப் போக ஒரு மணி நேரம் பர்மிஷன் கொடுப்போமா? அதை இங்கேயே, நம் வகுப்பிலேயே, நம் விடுதியிலேயே பழகிக்கொள்வோம். வருகிற ஜூன் 26-க்குள் நம் பேரவை நோட்டீஸ் போர்டில் ஒரு சின்னத் தாள் ஒட்டினாலும் எனக்கு மகிழ்ச்சி: 'நிறுத்திவிட்டு வந்த நண்பனே, உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. வந்து உட்கார்!'